பழைய ஐரிஷ் பத்திரிகைகளில் முன்னோரைத் தேடும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

என் மனைவி பெரம்பூரில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு உண்டு: "நம்ம பெரிய தாத்தா அயர்லாந்துல கார்க் பக்கம்." ஊர் தெரியாது, வருஷம் தெரியாது, அந்தத் தாத்தாவின் அப்பா பெயரும் தெரியாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பழைய ஐரிஷ் பத்திரிகைகளுக்குள் இறங்கினேன். இப்போது மனைவியின் சித்தப்பா மகன், அவருடைய நண்பர், நண்பரின் மாமியார் என்று ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்கிறார்கள். கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலித்ததுதான் மிச்சம்; அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

பத்திரிகையில் ஏன் தேட வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு பத்தி. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதோடு போயிற்று. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசாங்கமே முன்னால் அழித்திருந்தது. 1881, 1891 இரண்டையும் முதல் உலகப் போர் சமயத்தில் காகிதக் கூழாக்கிவிட்டார்கள். அந்தக் காலக் கணக்கெடுப்புகளில் முழுசாக மிஞ்சியவை 1901, 1911 மட்டும். எல்லா மதத்தாருக்குமான பிறப்பு, இறப்புப் பதிவு 1864இல்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் ஒரு ஆளைப் பிடிக்க மாதா கோயில் பதிவேடு, 1847 முதல் 1864 வரை வந்த கிரிஃபித் நிலவரி மதிப்பீடு, அப்புறம் பத்திரிகை. பெரும்பாலும் அவ்வளவுதான்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத காரணத்தை முதலிலும் காசு கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

## அறிகுறி 1: பெயரைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை

பத்துப் பேரில் ஏழு பேருக்கு இதுதான். உடனே "பத்திரிகையில் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பொறுங்கள்.

### அந்தப் பத்திரிகை அந்தத் தளத்தில் இருக்கிறதா?

முதல் சோதனை இது. பெரும்பாலோர் கடைசியில்தான் செய்கிறார்கள். பெரிய கட்டணத் தளங்கள் இரண்டு: பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ், ஐரிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ்ஸ். முதலாவதில் உள்ளவற்றை ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தளம் வழியாகவும் பார்க்கலாம். ஐரிஷ் டைம்ஸ் 1859இலிருந்து தனிக் காப்பகம் வைத்திருக்கிறது. ஒரு தளத்தில் இருப்பது இன்னொன்றில் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

தளத்தின் பத்திரிகைப் பட்டியலைத் திறந்து உங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இதழ்களையும், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை ஏற்றியிருக்கிறார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் வருஷக்கணக்கில் ஓட்டை இருக்கலாம். கெர்ரியில் 1850இல் செத்தவரை 'கெர்ரிமேன்' இதழில் தேடிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் பத்திரிகை தொடங்கியதே 1904இல். அந்தக் காலத்துக்கு 'கெர்ரி ஈவ்னிங் போஸ்ட்' பார்க்க வேண்டும்.

உங்கள் கவுண்டியில் அப்போது பத்திரிகையே இல்லையா? பக்கத்துக் கவுண்டிக்குப் போங்கள். டப்ளினை ஒட்டிய விக்லோ போன்ற இடங்களின் சேதி டப்ளின் தாள்களில் வரும். 1763 முதல் 1924 வரை வந்த 'ஃப்ரீமேன்ஸ் ஜர்னல்' இதற்கு நல்ல இடம்.

### பெயரின் தலையை வெட்டிப் பாருங்கள்

'மெக்' என்று தொடங்கும் பெயர்களை அந்தக் கால அச்சுக்கோப்பாளர்கள் முழுதாகக் கோத்ததில்லை. எம் என்ற எழுத்து, அதன் தோளில் தலைகீழாக ஒரு மேற்கோள் குறி, அப்புறம் மிச்சப் பெயர். மெக்கார்த்தி என்று நீங்கள் தட்டினால், எம் தனி, கார்த்தி தனி என்று படித்து வைத்திருக்கும் இயந்திரம் கையை விரிக்கும். வெறும் கார்த்தி என்று போடுங்கள்.

'ஓ' வைத்த பெயர்களுக்கும் இதே கதை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரும்பாலோர் ஓவை விட்டுவிட்டார்கள். நூற்றாண்டு முடியும்போது ஐரிஷ் மொழி மறுமலர்ச்சியோடு பலர் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். 1911 கணக்கெடுப்பில் ஓ'சல்லிவன் என்று இருப்பவரின் அப்பா 1855 பத்திரிகையில் வெறும் சல்லிவன்.

முதல் பெயரும் வேஷம் போடும். பிரிட்ஜெட்தான் பிடி, பிரைடி, டீலியா எல்லாம். ஜெரமையா என்பவர் டார்பி ஆகவும் டெர்மட் ஆகவும் வருவார். டிமதி என்றால் தாடி, டைக். கார்னீலியஸ் என்றால் கான். ஹனோராவை நோரா என்றும் தேட வேண்டும்.

### இயந்திரம் தப்பாகப் படித்திருக்கிறதா?

ஸ்கேன் செய்த படத்தை ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) படித்துத்தான் தேடல் நடக்கிறது. மை பரவிய, மடிந்த, பின்பக்க எழுத்து தெரிகிற தாளில் அது என்னென்னவோ படிக்கும். ஆங்கிலத்தில் ஆரும் என்னும் ஒட்டி நின்றால் எம். அதனால் பர்ன்ஸ் 'பம்ஸ்' ஆகிறார். சியும் எல்லும் ஒட்டினால் டி. கிளான்சி 'டான்சி' ஆகிவிடுகிறார். 18ஆம் நூற்றாண்டுத் தாள் என்றால் இன்னும் ஒரு தொல்லை: சொல்லின் நடுவில் வரும் எஸ் எழுத்து அப்போது எஃப் மாதிரி நீண்டு நிற்கும். தேடும் பெயரில் எஸ் இருந்தால் அந்த இடத்தில் எஃப் போட்டும் ஒருமுறை தேடுங்கள்.

சந்தேகமான எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியோ நட்சத்திரக் குறியோ போட முடிகிறதா என்று தளத்தின் உதவிப் பக்கத்தில் பாருங்கள். முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பெயர் வரிக்கு வரி உடைந்திருக்கலாம்.

### பெயரையே விட்டுவிடுங்கள்

மேலே உள்ளதெல்லாம் செய்தும் வரவில்லையென்றால் நான் செய்வது இதுதான். முன்னோரின் பெயரை அழித்துவிட்டு அவருடைய டவுன்லேண்ட் பெயரை மட்டும் போடுவது. டவுன்லேண்ட் என்றால் பட்டணம் இல்லை, பெயருக்கு ஏமாறாதீர்கள். சில வீடுகளும் கொஞ்சம் வயலும் சேர்ந்த மிகச் சிறிய நிலப்பிரிவு அது. அயர்லாந்தில் 60,000க்கு மேல் இருக்கின்றன. சின்ன இடம் என்பதால் அந்தப் பெயரில் வரும் சேதியும் குறைவு. பொறுமையாக எல்லாவற்றையும் படித்துவிடலாம்.

என் மனைவியின் தாத்தாவை அப்படித்தான் பிடித்தோம். பெயரைப் போட்டுப் போட்டு இரண்டு வருஷம் போயிருந்தது. ஒரு ராத்திரி அலுத்துப்போய் அதற்குள் தெரிந்துவிட்டிருந்த ஊர்ப் பெயரை மட்டும் தட்டினேன். மேற்கு கார்க்கில் ஒரு கிழவர் வெள்ளத்தில் ஓடையைக் கடக்கப் போய் மூழ்கிய மரண விசாரணை வந்தது. பதினொரு வரி. பெயர் இருந்த இடத்தில் ஒரு மடிப்பு. இயந்திரம் அதைப் பாதியும் எண்ணுமாகப் படித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்கிறார்: இவர் தனியாக இருந்தார், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒரு மகன் இந்தியாவில் சிப்பாய். படத்தைப் பெரிதாக்கி மடிப்புக்கு இரண்டு பக்கமும் எழுத்து எழுத்தாகக் கூட்டினோம். மனைவி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அவர் அம்மாவுக்கு போன் செய்தார்.

ஆளை (காசு வாங்கும் ஆராய்ச்சியாளரை) கூப்பிட வேண்டிய கட்டம்: உங்கள் கவுண்டியின் இதழ்கள் எந்தத் தளத்திலும் இல்லை, மைக்ரோஃபிலிமில் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த சுருளில்) மட்டும் இருக்கின்றன என்று உறுதியான பிறகு. அதற்கு முன்னால் வேண்டாம்.

## அறிகுறி 2: ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது

கார்க்கில் ஜான் மர்ஃபி என்று தேடியிருப்பீர்கள். இது கோளாறே இல்லை, அந்த ஊர் அப்படி.

டவுன்லேண்ட் தெரியும் என்றால்: பெயரோடு அதைச் சேர்த்து, ஒரே பத்திரிகை, பத்து வருஷம் என்று வேலி போடுங்கள். அப்புறமும் அதிகமாக வந்தால் அந்த வீட்டில் இருப்பவர்களிலேயே அபூர்வமான பெயர் யாருக்கு என்று பார்த்து அவரைத் தேடுங்கள். ஜான் மர்ஃபியைவிட அவருடைய மச்சான் பார்த்தலோமியோ சீக்கிரம் அகப்படுவார்.

தெரியாது என்றால்: பத்திரிகையை மூடுங்கள். கிரிஃபித் மதிப்பீட்டுக்கோ 1901 கணக்கெடுப்புக்கோ போய் முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டும் இணையத்தில் இலவசம். இடம் தெரியாமல் மர்ஃபிகளைப் படிப்பது வெட்டி வேலை, நான் செய்து பார்த்துவிட்டேன்.

இன்னொரு கைப்பிடி உண்டு. ஒரே டவுன்லேண்டில் நான்கு டெனிஸ் சல்லிவன் இருந்தால் ஊரார் பட்டப்பெயர் வைத்துத்தான் பிரித்தார்கள். செம்பட்டை முடிக்காரர் 'ருவா', வெளுத்தவர் 'பான்', சின்னவர் 'ஓக்', பெரியவர் 'மோர்'. இல்லாவிட்டால் அப்பா பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். கோர்ட் சேதிகளிலும் கிரிஃபித்திலும் இது வரும். அடைப்புக்குறிக்குள் இருப்பதை இரண்டாவது பெயர் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். உங்களுக்கு ஒரு தலைமுறை இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

## அறிகுறி 3: அறிவிப்பு கிடைத்தது, தேதி ஒட்டவில்லை

### மூன்று சுருக்கெழுத்தைச் சரியாகப் படித்தீர்களா?

தேதிக்குப் பின்னால் 'இன்ஸ்ட்' என்று இருந்தால் இந்த மாதம். 'அல்ட்' என்றால் போன மாதம். 'ப்ராக்ஸ்' என்றால் வரும் மாதம். மார்ச் 3 தேதியிட்ட தாளில் "27 அல்ட்" என்றால் பிப்ரவரி 27.

### வேறு பத்திரிகையிலிருந்து எடுத்துப் போட்டதா?

அந்தக் காலத்தில் ஒருவர் அச்சடித்ததை இன்னொருவர் அப்படியே எடுத்துப் போடுவது சகஜம். எடுத்துப் போடும்போது 'இன்ஸ்ட்' என்பதை 'அல்ட்' என்று மாற்ற மறந்துவிடுவார்கள். 'பெல்ஃபாஸ்ட் நியூஸ்லெட்டர்' பத்திரிகையில் ஏப்ரல் கடைசியில் வந்தது, உள்ளூர் வார இதழில் மே முதல் வாரம் வரும்போது ஒரு மாதம் தள்ளிப்போகும். சோதனை எளிது: அதே சேதி முன்னால் எந்தத் தாளில் வந்தது என்று இரண்டு மாதம் பின்னால் போய்த் தேடுங்கள். பழையதை நம்புங்கள்.

### 1752க்கு முந்தையதா?

அப்போது வருஷம் பிறந்தது மார்ச் 25இல். அதனால் ஜனவரி, பிப்ரவரித் தாள்களில் முந்தைய வருஷம் அச்சிட்டிருக்கலாம். பெல்ஃபாஸ்ட் நியூஸ்லெட்டர் 1737இல் தொடங்கியது, அதன் ஆரம்ப இதழ்களைப் பார்ப்பவர்களுக்கு இது தேவைப்படும்.

### அரசுப் பதிவோடு மோதுகிறதா?

1864க்குப் பிறகு பிறப்பைத் தாமதமாகப் பதிந்தால் அபராதம். அதைத் தவிர்க்க ஜனங்கள் பிறந்த தேதியையே தள்ளிச் சொன்னார்கள். ஞானஸ்நானப் பதிவு முன்னாலும் பிறப்பு பின்னாலும் இருந்தால் மாதா கோயில் பதிவுதான் சரி. பத்திரிகையும் அதோடு சேர்ந்தால் அரசுப் பதிவைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இந்த அறிகுறிக்கு யாரையும் காசு கொடுத்துக் கூப்பிடத் தேவையே இல்லை.

## அறிகுறி 4: ஊர்ப் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லை

பெரிய ஊர் என்றால் பெயர் மாறியிருக்கும். கிங்ஸ்டவுன் இன்று டன் லீரி. குயின்ஸ்டவுன் இன்று கோவ். விக்டோரியா ராணி 1849இல் வந்து போனதற்காக வைத்த பெயர், விடுதலைக் காலத்தில் எடுத்துவிட்டார்கள். கிங்ஸ் கவுண்டி என்றால் ஆஃபலி, குயின்ஸ் கவுண்டி என்றால் லீஷ். மேரிபரோ என்றால் போர்ட்லீஷ், பார்சன்ஸ்டவுன் என்றால் பர். டப்ளினில் சாக்வில் தெரு என்று படித்தால் அது ஓ'கானல் தெரு.

சின்ன இடம் என்றால் எழுத்துக்கூட்டல்தான் பிரச்சினை. 1820களிலும் 1830களிலும் ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறை வந்து ஐரிஷ் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒரு மாதிரி நிலைநிறுத்தியது. அதற்கு முன்னால் நிருபர் காதில் விழுந்ததே எழுத்து. லாகனிம் என்ற இலவச இடப்பெயர்த் தளத்தில் பழைய வடிவங்களும் இருக்கின்றன. சத்தம்போட்டுப் படித்துப் பாருங்கள், பாதி நேரம் காது கண்டுபிடித்துவிடும்.

ஒரே பெயரில் ஏழெட்டு இடம் வந்தால் (கில்மோர் என்று தேடினால் தெரியும்) அறிவிப்பில் கூடவே வரும் மற்ற ஊர்களைப் பாருங்கள். சாட்சி எந்த ஊர், போலீஸ் எந்த ஸ்டேஷன், சந்தை எங்கே. அவை எல்லாம் சுற்றி நிற்கும் கில்மோர்தான் உங்களுடையது.

## அறிகுறி 5: ஆண்கள் கிடைக்கிறார்கள், பெண்கள் இல்லை

இருக்கிறார்கள், பெயர் இல்லாமல் இருக்கிறார்கள். பிறப்பு அறிவிப்பு இப்படித்தான் வரும்: "5 இன்ஸ்ட், பேண்டனில், ஜான் ஹேயஸ் அவர்களின் மனைவிக்கு ஆண் குழந்தை." பெற்றவள் பெயரும் கிடையாது, பிள்ளை பெயரும் கிடையாது. அதனால் பெண்ணைத் தேட வேண்டுமானால் முதலில் கணவர் பெயருக்கு முன்னால் 'மிசஸ்' போடுங்கள். அப்புறம் அப்பா பெயரோடு 'மூத்த மகள்', 'இளைய மகள்', 'ஒரே மகள்' என்ற ஆங்கிலச் சொற்களைச் சேருங்கள். அதற்கும் அகப்படாவிட்டால் 'ரெலிக்ட்' என்ற சொல். கைம்பெண் என்று பொருள், இன்னாரின் ரெலிக்ட் என்று மரண அறிவிப்பில் வரும்.

பெண்ணின் சொந்தப் பெயர் முழுதாக வருவது பெரும்பாலும் கோர்ட்டில்தான். பக்கத்து வீட்டுக்காரியோடு வாய்ச்சண்டை, மாடு மேய்ந்த வழக்கு, சாட்சி. அண்ணி முறை ஒருவர் தன் கொள்ளுப்பாட்டி கோர்ட்டுக்குப் போயிருப்பாள் என்பதையே ஒப்பவில்லை. போயிருந்தாள். வாத்துக்காக.

## அறிகுறி 6: பிறப்பு, கல்யாணம், சாவு எதற்கும் அறிவிப்பே இல்லை

ஏழைக் குடியானவர்கள் என்றால் இல்லாததுதான் இயல்பு. விளம்பர வரி 1853லும், பத்திரிகை முத்திரை வரி 1855லும், காகித வரி 1861லும் எடுபட்ட பிறகுதான் பத்திரிகை சாதாரண ஜனத்தின் கைக்கு வந்தது. அதற்கு முன்னால் கல்யாண அறிவிப்பு பெரும்பாலும் நிலக்கிழார், வியாபாரி, வக்கீல் வீட்டு விஷயம். ஆகவே குடும்ப அறிவிப்புப் பத்தியை விட்டுவிட்டு வேறு பத்திகளுக்குப் போங்கள்.

பெட்டி செஷன்ஸ் என்ற சின்ன கோர்ட்டுகளின் சேதியில் குடிபோதை, வேலி தாண்டிய கழுதை, 1866 முதல் நாய்க்கு லைசென்ஸ் எடுக்காதது என்று ஊரே வரிசையாக நிற்கும். பத்திரிகையில் சுருக்கமாக இருந்தால் கோர்ட்டின் பதிவேட்டையே ஃபைண்ட்மைபாஸ்டில் பார்க்கலாம்.

மரண விசாரணைகளைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். வயது, ஊர், உறவு எல்லாம் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது நில கோர்ட் பட்டியல். 1881 நிலச் சட்டத்துக்குப் பிறகு குத்தகைக்காரர்கள் நியாயக் குத்தகை கேட்டு மனுப் போட்டார்கள். முடிவை உள்ளூர்ப் பத்திரிகைகள் அட்டவணையாக வெளியிட்டன. குத்தகைக்காரர் பெயர், நிலச் சொந்தக்காரர், பழைய குத்தகை, புதிய குத்தகை. ஒரு வரியில் வீட்டின் நிலைமை முழுதும் தெரிந்துவிடும். அதே 1880களில் நேஷனல் லீக் என்ற ஐரிஷ் தேசியவாத அமைப்பின் கிளைக் கூட்டச் சேதிகளில் வந்திருந்தவர் பெயரெல்லாம் அடுக்கியிருப்பார்கள். குடியிருந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் பெயரும் வரும்.

கப்பலேறிப் போனவர் என்றால் அக்கரைப் பத்திரிகை. பாஸ்டனின் 'பைலட்' 1831 முதல் 1921 வரை 'காணாமல்போன நண்பர்கள்' என்று ஒரு பத்தி நடத்தியது. அண்ணனைத் தேடும் தம்பி, புருஷனைத் தேடும் மனைவி. அயர்லாந்தில் எந்தக் கவுண்டி, எந்தப் பங்கு என்பது வரைக்கும் எழுதினார்கள், ஏனென்றால் அதை வைத்துத்தானே ஆளை அடையாளம் காண முடியும். பாஸ்டன் காலேஜ் அதை இலவசத் தேடுபட்டியலாக வைத்திருக்கிறது. ஐரிஷ் மரண அறிவிப்பின் கடைசியில் "அமெரிக்கப் பத்திரிகைகள் எடுத்துப் போடவும்" என்று இருந்தால் பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 7: பக்கம் மங்கல், கிழிசல், அல்லது இல்லவே இல்லை

1. பக்கத்தைப் பதிவிறக்கி, போனிலேயே வெளிச்சத்தைக் குறைத்துக் கறுப்பைக் கூட்டுங்கள். பாதி மங்கல் அதிலேயே போகும்.
2. முந்தைய, அடுத்த இதழ்களைப் பாருங்கள். விளம்பரம் என்றால் திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஸ்கேன் செய்யும்போது பக்கம் வேறு தேதியில் போய் ஒட்டிக்கொள்வதும் உண்டு.
3. அதே சேதியைப் பக்கத்து ஊர்த் தாளில் தேடுங்கள். எடுத்துப் போடும் பழக்கம் இங்கே நமக்குச் சாதகம்.
4. இதழ் வெளிவந்ததா என்று பாருங்கள். 'நேஷன்' 1848இல் தடை செய்யப்பட்டு 1849இல்தான் திரும்ப வந்தது. 'ஃப்ரீமேன்ஸ் ஜர்னல்' கட்டடம் 1916 ஈஸ்டர் எழுச்சியில் எரிந்தது, 1922 மார்ச்சில் அதன் அச்சு இயந்திரங்களை உடைத்தார்கள். அச்சடிக்காத தாளை யாரும் ஸ்கேன் செய்ய முடியாது.
5. மைக்ரோஃபிலிம் அல்லது மூலப் பிரதி. டப்ளின் கில்டேர் தெருவில் தேசிய நூலகம், பெல்ஃபாஸ்ட் சென்ட்ரல் லைப்ரரியின் பத்திரிகைப் பிரிவு, லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரி.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: ஐந்தாவது படி. நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு ஒரு பக்கத்துக்காக விமானம் ஏற வேண்டாம். சரியான இதழ் தேதி கையில் இருந்தால் ஒரு ஆராய்ச்சியாளருக்கு அது சின்ன வேலை.

## அறிகுறி 8: இரண்டு பத்திரிகை, இரண்டு கதை

எந்தத் தாள் யாருடைய தாள் என்று பாருங்கள். கார்க்கில் 'கான்ஸ்டிட்யூஷன்' ராஜ விசுவாசத் தாள், 'எக்ஸாமினர்' கத்தோலிக்கர் தாள். டெரியில் 'சென்டினல்' ஒரு பக்கம், 'டெரி ஜர்னல்' மறு பக்கம். ஒரே கைகலப்பு ஒன்றில் கலவரம், மற்றதில் அமைதியான கூட்டத்தின்மேல் போலீஸ் தாக்குதல். பெயர், வயது, ஊர் ஆகியவற்றை இரண்டிலும் எடுங்கள். யார் முதலில் அடித்தார்கள் என்பதை விட்டுவிடுங்கள். குடும்ப அறிவிப்பும் அவரவர் தாளில்தான் கொடுப்பார்கள் என்பதால், முன்னோர் எந்த மதம் என்று தெரிந்தால் பாதித் தேடல் மிச்சம். மேற்கு கார்க்காரர்களுக்கு 'ஸ்கிபரீன் ஈகிள்' உண்டு. ரஷ்ய ஜார்மேல் ஒரு கண் வைத்திருக்கிறோம் என்று எழுதி உலகமே சிரித்த பத்திரிகை அது. ஜாரைவிட உள்ளூர்ச் சந்தையின்மேல் வைத்த கண்தான் நமக்கு உபயோகம்.

## அறிகுறி 9: ஆள் இந்தியாவுக்குப் போனார், அதோடு தடயம் போனது

நம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு இது. கிழக்கிந்தியக் கம்பெனி அயர்லாந்தில் நிறைய ஆள் எடுத்தது. கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படை பிற்பாடு ராயல் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸில் முதல் பட்டாலியனாகச் சேர்ந்தது. அதனால் "டப்ளின் ஃபியூசிலியர்" என்ற குடும்பப் பேச்சை மட்டும் வைத்து ஆள் டப்ளின்காரர் என்று முடிவு செய்யாதீர்கள்.

மதராஸில் நடந்த சாவோ கல்யாணமோ ஐரிஷ் பத்திரிகையில் தேடினால், நடந்த தேதியிலிருந்து ஆறேழு மாதம் வரை தள்ளித் தேடுங்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல் வந்த காலத்தில் கடிதம் போய்ச் சேரவே நான்கு முதல் ஆறு மாதம். 1840களில் எகிப்து வழித் தபால் நிலைபெற்றதற்குப் பிந்தைய காலம் என்றால் அவ்வளவு தள்ள வேண்டாம். அதிகாரி வீட்டுச் சேதிதான் பெரும்பாலும் வரும். சாதாரண சிப்பாய்க்கு அறிவிப்பு போட ஆள் இல்லை.

சிப்பாய் என்றால் இந்தியப் பக்கத்திலிருந்து போவது மேல். மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல் பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் என்-2 வரிசையில் இருக்கிறது. ஃபிபிஸ் என்ற, பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கான சங்கத்தின் தேடுபட்டியல் இலவசம். அதில் அப்பா பெயரோ பிறந்த ஊரோ கிடைத்தால் அறிகுறி 1க்குத் திரும்பி வாருங்கள்.

## காசு கொடுத்து ஆள் வைப்பதற்கு முன்

சந்தாவுக்கு முன்னால் இலவசத்தை முடியுங்கள். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவில் தேடுவதற்குக் காசில்லை, பக்கத்தைத் திறக்கத்தான் காசு. துண்டு வரிகளைப் பார்த்தே தேவையா இல்லையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அயர்லாந்தில் சொந்தக்காரர் இருந்தால் அவரை உள்ளூர் நூலகத்துக்கு அனுப்புங்கள், பல நூலகங்களில் பத்திரிகைக் காப்பகத்தை உள்ளே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். ஒரு மாத சந்தா எடுத்தால் பட்டியலைத் தயார் செய்துகொண்டு எடுங்கள், எடுத்த பிறகு யோசிக்காதீர்கள்.

அதற்கும் மேல் போக வேண்டுமானால் அக்ரெடிட்டட் ஜீனியாலஜிஸ்ட்ஸ் அயர்லாந்து என்ற அமைப்பின் உறுப்பினர் பட்டியலிலிருந்து உங்கள் கவுண்டி தெரிந்தவராகப் பாருங்கள். மாதா கோயில் பதிவு மட்டும் தேவை என்றால் கவுண்டி வம்சாவளி மையங்கள் போதும். எத்தனை மணி நேரம், என்ன கேள்வி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "எங்கள் குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று கேட்டால் மணிக்கணக்கு ஏறும். "1850 முதல் 1856 வரை இந்த இதழில் இந்த டவுன்லேண்டின் மரண விசாரணைகள்" என்று கேளுங்கள்.

கூடவே நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட பத்திரிகைகளின் பெயரும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன சொல் போட்டுத் தேடினீர்கள் என்பதும் அடங்கிய தாளை அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் அதே பக்கங்களை அவர் உங்கள் செலவில் மறுபடியும் புரட்டுவார்.